பன்னிரண்டாம் நம்பர் பிலிம்

இதோட மூணாவது தடவை எழுதறேன். முதல் ரெண்டையும் அவ திருப்பி அனுப்பிட்டா. மேல சிவப்புப் பேனாவால குறுக்கே ரெண்டே வார்த்தை: "ஏற்க முடியாது." அறுபத்தாறு வயசாச்சு, ரிட்டையர் ஆகி ஆறு வருஷம் ஆச்சு, இப்போ உக்காந்து மார்க் வாங்கறதுக்குக் கட்டுரை எழுதிட்டிருக்கேன். என் வீட்டுக்காரி சமையல்கட்டுல இருந்து எட்டிப் பாத்து, "முதுகை நிமித்தி எழுதுங்க, அப்புறம் வலிக்குதுன்னு என் உயிரை வாங்காதீங்க"ன்னு சொல்லிட்டுப் போறா. இந்த வீட்ல இப்போ எனக்குக் கிடைக்கற மரியாதை அவ்வளவுதான்.

விஷயம் என்னன்னா, எங்க ராக்கெட் தளத்துக்கு இது பொன்விழா வருஷம். "எங்கள் மனிதர்கள்"னு ஒரு மலர் போடறாங்க. பழைய ஆளுங்க ஒவ்வொருத்தரும், கூட வேலை பாத்த ஒருத்தரோட வாழ்க்கையைப் பத்தி எழுதணுமாம். மலர்க் குழு செயலாளர் போன் பண்ணி, "சார், உங்களுக்கு எக்ஸ்ரே மேடம்"னார்.

"வேற ஆளே கிடைக்கலையா உங்களுக்கு?"ன்னேன்.

"பத்து வருஷம் அவங்களோட சண்டை போட்டவர் நீங்கதானே சார், உங்களைவிட அவங்களை யாருக்குத் தெரியும்?"னு சிரிச்சார். அவருக்கு என்ன, வயசு முப்பத்தஞ்சு கூட இருக்காது. சிரிப்பார்.

சரி, எழுதறேன். இந்தப் பொம்பளையை எனக்குப் பிடிக்காது. முதல் வரியிலேயே சொல்லிடறேன், அப்புறம் பூசி மெழுகினேன்னு யாரும் சொல்லக் கூடாது.

தளத்துல அவளுக்குப் பேரு "முடியாதம்மா." நாங்க வெச்ச பேருதான். அவளுக்கும் தெரியும். எக்ஸ்ரே பிரிவுல ஆய்வாளர். ராக்கெட்டோட வயித்துக்குள்ள நாங்க ஊத்தற எரிபொருள்ல விரிசல் இருக்கா, குமிழி இருக்கான்னு எக்ஸ்ரே எடுத்துப் பாத்து, சரின்னா நீலப் பேனா, இல்லேன்னா சிவப்புப் பேனா. நான் பாத்தவரைக்கும் நீலப் பேனாவுல மை தீர்ந்ததே இல்ல.

நான் வார்ப்புப் பிரிவு. எரிபொருள்னா ஏதோ எண்ணெய் மாதிரி இருக்கும்னு நினைக்காதீங்க. எங்களுது கெட்டி. அலுமினியப் பொடி, உப்பு மாதிரி ஒண்ணு, ரப்பர் பிசின் எல்லாம் கலந்து, மாவு பதத்துல உருளைக்குள்ள ஊத்தி, ஒரு வாரம் சூட்டு அறையில வெச்சா, அழிக்கிற ரப்பர் மாதிரி இறுகிடும். கலக்கும்போது ஒரு பொறி பட்டாப் போதும், கட்டடமே இருக்காது. அதனால நாங்க அரை கிலோமீட்டர் தள்ளி உக்காந்து கேமராவுல பாத்துத்தான் கலப்போம். அவ்வளவு உயிரைக் கையில பிடிச்சுட்டு செய்யற வேலை. செஞ்சு முடிச்சுக் கொண்டு போனா இந்தம்மா ஒரு விளக்குப் பெட்டி முன்னாடி உக்காந்து, "ஏற்க முடியாது"ன்னு எழுதுவா. கேக்கும்போதே உங்களுக்குப் பத்திக்கிட்டு வருதா இல்லையா?

அவ அப்பா போட்டோ ஸ்டூடியோ வெச்சிருந்தவர். சின்ன வயசுல இருந்து நெகட்டிவைத் தூக்கி வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்து வளந்தவ. இருபத்தேழு வயசுல எங்ககிட்ட வேலைக்கு வந்தா. புருஷனுக்குத் தபால் ஆபீஸ் வேலை, வாய் திறந்து நான் பாத்ததில்ல. ஒரே பொண்ணு. ஒல்லியா, உயரமா, கையில எப்பவும் ஒரு பூதக்கண்ணாடியோட நடப்பா. நம்ம முகத்தைப் பாக்கும்போது கூட எங்கேயோ கீறல் தேடற மாதிரியே பாப்பா.

அவகிட்ட இன்னொரு வழக்கம். வெயில்ல இருந்து உள்ள வந்ததும் உடனே பிலிமைப் பாக்க மாட்டா. விளக்கெல்லாம் அணைச்சுட்டு இருட்டுல பதினஞ்சு நிமிஷம் சும்மா உக்காந்திருப்பா. கண்ணு பழகணுமாம். வெளிய நாங்க பத்து பேர், எங்க மேலதிகாரி, அவருக்கு மேலதிகாரி, எல்லாரும் வாசல்ல காவல் காத்துட்டு நிப்போம். ஒரு தடவை எங்க இயக்குநரே வந்து கதவைத் தட்டினார். பெரியவர்னுதான் அவரைச் சொல்வோம், தளத்துல அவர் சொன்னா மறுபேச்சு கிடையாது. உள்ளேருந்து குரல் வருது: "இன்னும் ஒன்பது நிமிஷம் இருக்கு சார்." மனுஷன் முகம் செத்துப் போச்சு.

இன்னொண்ணு. எக்ஸ்ரே எடுக்கும்போது எந்த இடத்தை எடுக்கறோம்னு பிலிம்ல தெரியறதுக்கு, ஈயத்துல செஞ்ச நம்பரை உருளை மேல டேப் போட்டு ஒட்டுவோம். ஒண்ணாம் இடம், ரெண்டாம் இடம்னு சுத்தி இருபத்துநாலு இடம். பிலிம்ல அந்த நம்பர் வெள்ளையா விழும். எந்த ஊருலயும் இதை உதவியாளர்தான் ஒட்டுவான். இவ விட மாட்டா. யார் ஒட்டினாலும் ஒவ்வொரு தடவையும் தானே உள்ள போய், விரலால தொட்டுப் பாத்துட்டு வந்துதான் பட்டனை அமுக்குவா. "எங்களை நம்ப மாட்டீங்களா மேடம்?"னு கேட்டா, "நம்பறதுக்கு இங்கே பட்டன் இல்ல சார்"னு சொல்வா. திமிரு.

நாங்க போட்ட சண்டையைத் தனியா ஒரு மலராப் போடலாம். ஒரு தடவை கடுகளவு குமிழிக்கு ஒரு உருளையையே தள்ளிட்டா. மூணு வாரம் என் ஆளுங்க வெந்து செஞ்சது. நான் நேரா அவ அறைக்குப் போய் மேஜையில ஓங்கி அடிச்சேன். "கண்ணாடியை மாத்துங்க மேடம், இல்லேன்னா வேலையை மாத்துங்க"ன்னு கத்தினேன். அவ பூதக்கண்ணாடியைக் கீழ வெச்சுட்டு, "நீங்க கத்தினா குமிழி போயிடுமா சார்? போயிடும்னா இன்னும் கொஞ்சம் கத்துங்க, நான் இருக்கேன்"னா. வெளிய என் ஆளுங்களே சிரிச்சுட்டானுங்க. அன்னிக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடல.

இப்படியே பத்து வருஷம். அப்புறம் பெரிய ராக்கெட் வந்தது.

அதுவரைக்கும் நாங்க விட்டதெல்லாம் சின்னது. மேல போய் காத்து அளந்துட்டுக் கடல்ல விழும். இதுதான் முதல் தடவையா செயற்கைக்கோளைத் தூக்கிட்டுப் போகப் போற ராக்கெட். பெரியவர் தேதியை அறிவிச்சுட்டார். வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு அழைப்பும் போயாச்சு. கடைசி உருளையை எக்ஸ்ரேவுக்கு அனுப்பினேன். பதினாலாம் இடத்துல, ஓரத்துல, மயிரிழை அளவுக்கு ஒரு கறுப்புக் கோடு. எரிபொருள் உருளைச் சுவரை விட்டு விலகியிருக்குன்னு அர்த்தம். அந்த இடுக்குல தீ புகுந்தா நேரா சுவத்துக்குப் போய் ஓட்டை போட்டுடும். சிவப்புப் பேனா. "ஏற்க முடியாது."

பெரியவர் என்னைக் கூப்பிட்டார். "சரி பண்ண முடியுமா?" முடியும்னேன். ஊசி வழியா பிசினை ஏத்தி ஒட்ட வைக்கலாம். நாலு நாள் நானும் என் ஆளுங்களும் தூங்காம கொள்ளாம ஏத்தினோம். அப்புறம் மறுபடியும் பதினாலாம் இடத்தை மட்டும் எக்ஸ்ரே எடுக்கணும். கோடு போயிருந்தா ராக்கெட் போகும். இருந்தா இன்னொரு உருளை செய்யணும், நாலு மாசம், தேதி போச்சு, என் மானமும் போச்சு.

அன்னிக்கு அவ உதவியாளர் லீவு. நம்பரை நான் ஒட்டறேன்னு சொல்லிட்டு நானே உள்ள போனேன். டேப்பையும் ஈய நம்பரையும் கையில வெச்சுட்டு அந்த உருளை முன்னாடி நின்னேன். பிசின் ஏத்தினோமே, அது ஒட்டிச்சா இல்லையா, எனக்குத் தெரியாது. சத்தியமா இன்னிக்கு வரைக்கும் தெரியாது. பாக்கப் பயம். அவ்வளவுதான் விஷயம். முதல் தடவை எழுதினதுல இந்த இடத்தை "தவறு நேர்ந்துவிட்டது"ன்னு எழுதியிருந்தேன். அவ ஓரத்துல "யாரால்?"னு எழுதி அனுப்பினா.

என்னால. பன்னெண்டாம் இடம் சுத்தமா இருக்குன்னு முதல் பிலிம்லயே பாத்திருந்தோம். ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் இருக்கும், ஏதோ உலோகத் துணுக்கு, அதனால பாதகமில்லைன்னு அவளே நீலப் பேனாவுல கையெழுத்துப் போட்ட இடம். நான் உருளையை உருட்டி, பன்னெண்டாம் இடத்தை மிஷினுக்கு நேரா வெச்சு, அது மேல பதினாலுன்னு ஒட்டினேன். கை நடுங்கல. அதுதான் எனக்கு இன்னமும் தாங்க முடியாதது, கை கொஞ்சம் கூட நடுங்கல. ஏன்னா எப்படியும் அவ உள்ள வருவா, விரலால தொடுவா, கண்டுபிடிப்பா, நான் "அடடா, கை தவறிட்டேன் மேடம்"னு அசடு வழிவேன்னு நினைச்சுட்டிருந்தேன்.

வெளிய வந்தேன். அவ கதவுகிட்ட நிக்கறா.

"ஒட்டியாச்சா சார்?"

"நானே ஒட்டிட்டேன் மேடம்."

என்னை ஒரு நிமிஷம் பாத்தா. "சரி"ன்னா. உள்ள வரல. கதவைச் சாத்தினா, எச்சரிக்கை மணி அடிச்சது, பட்டனை அமுக்கினா. பிலிமைக் கழுவி, இருட்டுல பதினஞ்சு நிமிஷம் உக்காந்து, சுத்தமா இருக்குன்னு நீலப் பேனாவுல கையெழுத்துப் போட்டா. என் ஆளுங்க கை தட்டினாங்க. அவ முதல் தடவையா என்னைப் பாத்துச் சிரிச்சா. "நல்லா ஒட்டியிருக்கீங்க சார்"னா.

ராக்கெட் காலை பதினொண்ணு இருபதுக்குக் கிளம்பிச்சு. நான் வார்ப்புக் கட்டட மொட்டை மாடியில நின்னேன். முப்பத்தோராவது நொடியில பக்கவாட்டுல ஒரு தீ, ஊசி மாதிரி. அப்புறம் மூக்கு சாய்ஞ்சது. ஊர் மேல போயிடக் கூடாதுன்னு பாதுகாப்பு அறையில இருந்து வெடிக்க வெச்சுட்டாங்க. கடல்ல துண்டு துண்டா விழுந்துச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகல. மாடியில பக்கத்துல நின்னவங்க அழுதாங்க. நான் அழல. கீழ ஓடினேன். நேரா பிலிம் அறைக்கு. பொறுப்பாளர் கடற்கரையில வேடிக்கை பாத்துட்டு இருந்தார். பழைய பிலிமை ஒத்துப் பாக்கறதுக்குன்னு எங்கிட்டயும் ஒரு சாவி உண்டு. பன்னெண்டாம் நம்பர் பிலிமை உறையில இருந்து உருவி, சட்டைக்குள்ள வெச்சுட்டு, ஆபீஸ் பஸ்ல வீட்டுக்கு வந்தேன். பிலிம் ஓரம் வழியெல்லாம் வயித்தைக் கீறிட்டே வந்துச்சு.

விசாரணை கேன்டீன் ஹால்ல நடந்துச்சு. அவ எழுந்து நின்னு சொன்னா: "இந்தப் பிலிம்ல கையெழுத்து என்னுதுதான். ஆனா இது பதினாலாம் இடம் இல்ல. இந்த வெள்ளைப் புள்ளியை நான் பன்னெண்டுல பாத்திருக்கேன். பன்னெண்டை எடுங்க, ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுப் பாக்கலாம்."

உறையைக் கொட்டினாங்க. பத்து, பதினொண்ணு, பதிமூணு. "பன்னெண்டு எங்கேம்மா?"ன்னு கேட்டார் விசாரணைத் தலைவர். அவ திரும்பி என்னைப் பாத்தா. "சார், நம்பர் ஒட்டினது நீங்க. நீங்க சொல்லுங்க."

எழுந்தேன். "ஒட்ட வேண்டிய இடத்துலதான் ஒட்டினேன்"னு சொன்னேன். உக்காந்துட்டேன். அவளும் உக்காந்துட்டா. கத்தல, அழல. அவ கத்தியிருந்தா ஒருவேளை நானும் கத்தியிருப்பேன், உண்மை வெளிய வந்திருக்கும். சும்மா இருந்தே என்னைக் கொன்னா.

தப்பான பிலிமைப் பாத்துக் கையெழுத்துப் போட்டது, தன் பிரிவு பிலிமைப் பத்திரமா வைக்காதது, ரெண்டும் அவ தலையில விழுந்துச்சு. தளத்துக் குடியிருப்புல "பன்னெண்டு எங்கே?"ங்கறது பெரிய ஜோக் ஆயிடுச்சு. யாராவது செருப்பைத் தொலைச்சா, "பன்னெண்டு எங்கே?" பஸ் வரலேன்னா, "பன்னெண்டு எங்கே?" அவ பொண்ணைப் பள்ளிக்கூடத்துல கேட்டிருக்காங்க. அந்தப் பொண்ணு அந்த வருஷமே ஹாஸ்டலுக்குப் போயிடுச்சு. நானும் அந்த ஜோக்குக்குச் சிரிச்சிருக்கேன். நாலு பேருக்கு நடுவுல சிரிக்காம இருந்தா சந்தேகம் வருமே.

அவளைத் தளத்து வாசல்ல இருக்கற காட்சிக்கூடத்துல போட்டாங்க. வர்ற ஜனங்களுக்கு ராக்கெட் வரலாறு சொல்ற வேலை. இருபத்துமூணு வருஷம். எனக்கு பதவி உயர்வு மேல பதவி உயர்வு, வார்ப்புப் பிரிவுக்கே தலைவர் ஆனேன். விருந்தாளிகளைக் கூட்டிட்டுக் காட்சிக்கூடத்துக்குப் போனா, வாசல்ல கையை நீட்டுவா: "அடையாள அட்டை?" பிரிவுத் தலைவர்கிட்ட! ஒவ்வொரு தடவையும்! நான் காட்டினா, போட்டோவையும் என் முகத்தையும் மாத்தி மாத்திப் பாத்துட்டுத்தான் விடுவா.

அவ சொல்ற வரலாறு இருக்கே, அதைக் கேட்டா உங்களுக்கும் எரிச்சல் வரும். மூங்கில் குழாய்ல வெடிமருந்து அடைச்சுப் போர்ல விட்ட காலத்துல இருந்து ஒழுங்காத்தான் ஆரம்பிப்பா. அப்புறம் திரவ எரிபொருள்ல முதல் ராக்கெட் விட்ட வாத்தியார் கதை. அத்தை தோட்டத்துல விட்டார், ரெண்டரை நொடி பறந்து முட்டைக்கோஸ் பாத்தியில விழுந்துச்சு. அதோட விட்டா என்ன? விட மாட்டா. "காத்தில்லாத இடத்துல ராக்கெட் எப்படிப் போகும், இவருக்குப் பள்ளிக்கூடப் பாடமே தெரியலன்னு ஒரு பத்திரிகை அவரைக் கேலி பண்ணிச்சு. நாப்பத்தொன்பது வருஷம் கழிச்சு, மனுஷன் நிலாவுக்குக் கிளம்பினப்புறம், தப்பு எங்களுதுன்னு திருத்தம் போட்டாங்க. அப்போ அவர் உயிரோட இல்ல"ம்பா.

அடுத்து விண்வெளிக்குப் போன நாய். "ஒரு வாரம் நல்லா இருந்துச்சுன்னு சொன்னாங்க. கொஞ்ச மணி நேரத்துலயே சூடு தாங்காம செத்துப் போச்சுங்கறதை நாப்பத்தஞ்சு வருஷம் கழிச்சுத்தான் சொன்னாங்க." அதுக்கப்புறம், குளிர்ல ரப்பர் வளையம் இறுகி வெடிச்சுப் போன விண்கலம். "முந்தின நாளே இன்ஜினியருங்க வேண்டாம்னு சொன்னாங்க. கேக்கல. ஏழு பேர்." வந்தவங்க முகமெல்லாம் தொங்கிடும். நிலாவுல கால் வெச்சதை அரை நிமிஷத்துல முடிச்சுடுவா! ஒரு தடவை பொறுக்க முடியாம, "இது ராக்கெட் வரலாறா மேடம், இல்ல திருத்தம் போட்டவங்க வரலாறா?"ன்னு கேட்டேன். "திருத்தம் போடாதவங்களும் இருக்காங்க சார், வாங்க காட்டறேன்"னு கூட்டிட்டுப் போனா.

கடைசியில அவளோட பழைய விளக்குப் பெட்டி இருக்கு. அது மேல பதினாலாம் நம்பர் பிலிம். கீழ பித்தளைத் தகட்டுல எழுத்து: "முதல் பெரிய ராக்கெட் 31ஆம் நொடியில் அழிந்தது. காரணம்: எக்ஸ்ரே ஆய்வில் நேர்ந்த கவனக்குறைவு." தினமும் காலையில அந்த விளக்கை அவதான் போடணும். ஜனங்ககிட்ட, "இது நான் பாத்துக் கையெழுத்துப் போட்ட பிலிம். வெளிய போற வழி அந்தப் பக்கம்"னு சொல்வா. வேற ஒரு வார்த்தை கிடையாது.

இந்த மாசக் கடைசியில அவளுக்கு ரிட்டையர்மென்ட். பொன்விழாவுக்குக் காட்சிக்கூடத்தைப் புதுசு பண்றாங்க. அவ காட்சிக்கூடத் தலைவர்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாளாம்: அந்தத் தகட்டை எடுங்க. கடைசி நாள் அவ பொண்ணு வருது, அந்தத் தகடு இருக்கற இடத்துக்கு இத்தனை வருஷமா கால் எடுத்து வைக்காத பொண்ணு. ஆதாரம் இருந்தா எடுக்கறோம்னு சொல்லிட்டார் தலைவர். "பன்னெண்டு எங்கேயோ இருக்கு சார்"னு இவ சொல்லியிருக்கா. "வேலை தெரிஞ்சவன்தான் எடுத்திருக்கான். வேலை தெரிஞ்சவன் பிலிமைக் கிழிக்க மாட்டான்."

அதுதான் உண்மை. அன்னிக்கே கிழிச்சு அடுப்புல போட்டிருக்கலாம். கை வரல. எங்க தொழில்ல எதை வேணும்னாலும் தூக்கிப் போடுவோம், பிலிமைப் போட மாட்டோம். ராக்கெட் போனாலும் பிலிம் இருக்கணும். அப்படியே பழகிட்டோம். பரண் மேல டிரங்குப் பெட்டிக்குள்ள, என் கல்யாண வேட்டிக்கு அடியில வெச்சேன்.

ரெண்டு மாசத்துக்கு முன்னாடி சூரிய கிரகணம் வந்துச்சு. நடுப்பகல். என் மச்சினி வீட்டுக்கு வந்திருந்தா. "மாமா, கிரகணம் பாக்க எக்ஸ்ரே பிலிம் இருக்கா?"ன்னா. இல்லேன்னு சொல்லிட்டு நான் கடைக்குப் போயிட்டேன். திரும்பி வந்தா, பரண் மேல இருந்த டிரங்குப் பெட்டியைக் குடைஞ்சுட்டு அக்காளும் தங்கச்சியும் வாசல்ல நிக்கறாங்க, பெரிய பிலிமைத் தூக்கிச் சூரியனுக்கு நேரா பிடிச்சுட்டு.

"அதுல பாக்காதீங்க, கண்ணு போயிடும்!"னு கத்திட்டே ஓடினேன். கண்ணு போயிடும்ங்கறது நெஜம்தான். ஆனா நான் கத்தினது அதுக்கில்ல.

என் வீட்டுக்காரி பிலிமைக் கீழ இறக்கினா. ஓரத்துல வெள்ளையா விழுந்திருந்த நம்பரைப் பாத்தா. அந்தக் குடியிருப்புல இருபது வருஷம் இருந்தவ அவ. தங்கச்சி முன்னாடி ஒண்ணும் பேசல. சாயங்காலம் அவளை பஸ் ஏத்தி விட்டுட்டு வந்து கேட்டா. "பன்னெண்டு எங்கேன்னு நானும் அந்தம்மா மூஞ்சிக்கு நேரா சிரிச்சிருக்கேங்க. கொழாயடியில தண்ணி பிடிக்க வந்தவகிட்ட. என்னையும் சேத்து இல்ல சிரிக்க வெச்சிருக்கீங்க?" எட்டு நாள் பேசல. ஒன்பதாம் நாள், "நீங்க கொண்டு போய்க் குடுக்கறீங்களா, இல்ல நான் கொண்டு போகட்டுமா?"ன்னா. அந்தச் சமயத்துலதான் செயலாளர் போன் வேற. எல்லாம் சேந்து என்னை மூலையில தள்ளிடுச்சு.

போனேன். ஒரு செவ்வாய்க்கிழமை, கூட்டமில்லாத நேரம். "அடையாள அட்டை?"ன்னா. காட்டினேன். "மலருக்கு எழுத வந்தீங்களா சார்? கேளுங்க, சொல்றேன்"னா. நான் நேரா விளக்குப் பெட்டிகிட்ட போய், கண்ணாடியை நகத்தி, கொண்டு வந்த பிலிமைப் பதினாலு மேல வெச்சேன். ஓரத்தை ஒண்ணாச் சேத்தேன். ரெண்டு வெள்ளைப் புள்ளியும் ஒரே புள்ளி ஆயிடுச்சு. ரெண்டு நம்பர் மட்டும் ஒண்ணு மேல ஒண்ணு.

அவ பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தா. குனிஞ்சா. ரொம்ப நேரம் நிமிரல. அப்போ கூட இருட்டுல பதினஞ்சு நிமிஷம் உக்காரப் போறாளோன்னு தோணுச்சு.

"மன்னிச்சிடுங்க மேடம்"னேன்.

"முடியாது"ன்னா. நிமிராமயே சொன்னா.

அப்புறம் காட்சிக்கூடத் தலைவரைக் கூப்பிட்டா. அவர் வந்து பாத்து, வாயைப் பிளந்து, "பிலிம் சரி, ஆனா விசாரணை முடிஞ்சு இத்தனை வருஷம் ஆச்சே, எழுத்துல ஏதாவது இருந்தாத்தான்..."னு மென்னு முழுங்கினார். அவ என் பக்கம் திரும்பினா. முப்பத்துமூணு வருஷமா என்னை "நீங்க, சார்"னு தவிர பேசினவ இல்ல.

"எழுதிக் குடு"ன்னா. "தனியா வேண்டாம். மலர்லயே எழுது. எல்லாரும் படிக்கட்டும். நான் பாத்துக் கையெழுத்துப் போட்டப்புறம்தான் போகணும்."

முதல்ல எழுதினது என்ன ஆச்சுன்னு சொல்லிட்டேன். ரெண்டாவது எட்டுப் பக்கம். பெரியவரோட நெருக்கடி, தேதி, விருந்தாளிங்க, தூங்காத நாலு நாள், எல்லாத்தையும் எழுதினேன். ஒண்ணும் பொய் இல்ல. முழுக்கச் சப்பைக்கட்டு. அவ ஓரத்துல எழுதி அனுப்பினா: "இதில் எல்லாரும் இருக்கிறார்கள். நீ எங்கே?" கடைசிப் பக்கத்துல இன்னொண்ணு: "நான் ஏன் உள்ளே வரவில்லை என்று நீ கேட்டாய். நான் பதில் சொன்னேன். அது எங்கே?" ஒண்ணு கவனிச்சேன். ரெண்டு தடவையும் நான் "அவ, அவ"ன்னுதான் எழுதியிருந்தேன். அதை அவ திருத்தவே இல்ல. அதைப் பத்தி அவளுக்கு அக்கறை இல்ல போல.

அந்தப் பதிலை வேணும்னேதான் விட்டேன். எழுதக் கூடாதுன்னுதான் ரெண்டு தடவையும் விட்டேன். இப்போ எழுதறேன்.

அன்னிக்குக் காட்சிக்கூடத்துல இருந்து கிளம்பும்போது வாசல்ல நின்னு கேட்டேன். "ஒவ்வொரு தடவையும் உள்ள வந்து தொட்டுப் பாப்பீங்களே. அன்னிக்கு மட்டும் ஏன் வரல?"

அவ சொன்னா: "மத்தவங்கல்லாம் என் முன்னாடி சிரிப்பாங்க, பின்னாடி நம்பரை மாத்துவாங்க. ரெண்டு தடவை பிடிச்சிருக்கேன். அதனாலதான் யாரையும் நம்பாம உள்ள போவேன். நீ ஒருத்தன்தான் பத்து வருஷமா மூஞ்சிக்கு நேரா சண்டை போட்டவன். மேஜையில ஓங்கி அடிச்சவன். இவனுக்குக் கோவம் வந்தா கத்துவான், ஏமாத்த மாட்டான்னு நினைச்சேன். அந்தத் தளத்துல நான் நம்பின ஒரே ஆள் நீதான்."

சொல்லிட்டு உள்ள போயிட்டா. அடுத்த கூட்டம் வந்திருந்தது. மூங்கில் குழாய்ல இருந்து ஆரம்பிச்சா.

எனக்கு இன்னமும் அவளைப் பிடிக்காது. எப்படிப் பிடிக்கும்? இருபத்துமூணு வருஷமா எந்த அறைக்குள்ள நுழைஞ்சாலும் அவ இருக்காளான்னு பாத்துட்டு நுழையற மனுஷன் நான். அவ என்னை மன்னிச்சுட்டான்னு இதுல ஒரு வரி கூட இல்ல, வேணும்னா எண்ணிப் பாக்கட்டும். செஞ்சவன் நான். நம்பரை மாத்தி ஒட்டினவன் நான், பிலிமை எடுத்தவன் நான், கேன்டீன் ஹால்ல பொய் சொன்னவன் நான். அவ பாத்த பிலிமை அவ சரியாத்தான் பாத்தா.

கீழ அவ கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கேன். நாளைக்குக் காலை பத்து மணிக்குக் காட்சிக்கூடம் திறக்கும், முதல் ஆளா போய் நிக்கணும். வீட்டுக்காரி ஒரு சிவப்புப் பேனாவையும் ஒரு நீலப் பேனாவையும் என் சட்டைப் பையில சொருகி வெச்சுட்டா. அடையாள அட்டையை மறக்காம எடுத்துக்கச் சொன்னா.